முழுங்கின அட்சரம்

இல்லம்மா, அதை மேல தூக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். உங்களுக்கு இடிக்குதா? இருங்க, கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பிக்கிறேன். இப்ப சரியா? மிருதங்கம்மா. மேல வச்சா எவனாவது அது தலைமேல சூட்கேஸை ஏத்திருவான். போன தடவை இதே பல்லவன் ரயில்ல ஒருத்தன் பலாப்பழத்தை ஏத்திட்டான். செங்கல்பட்டுல அவன் இறங்கறப்பதான் நான் பாத்தேன். புதுசாத் தோல் போட்டு நாலு நாள் ஆகலை. பலாப்பழம்மா.

நீங்க மெட்ராஸேவா? தாம்பரமா. சரி சரி. ஸ்ரீரங்கத்துல உங்க அம்மா வீடா. என்ன வேலை பாக்கறீங்க? நர்ஸா. எந்த வார்டு? ஐசியூவா. அப்ப நாடி புடிச்சு எண்ணுவீங்க. மெஷின் ஆயிரம் இருந்தாலும் கையால ஒரு தடவை பாப்பீங்கல்ல? ஒண்ணு விட்டுப்போனா உங்களுக்குத் தெரிஞ்சிருமே. அட, நல்லதாப் போச்சு. உங்களால ஒரு உதவி ஆகணும். பயப்படாதீங்க, எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. போன்ல ஒரு ரெக்கார்டிங் இருக்கு, அதை எண்ணிப் பாக்கணும், அவ்வளவுதான். இப்ப வேண்டாம். விஷயத்தைச் சொல்லிட்டு அப்புறம் தர்றேன்.

சங்கீதம் தெரியாதா? ரொம்ப நல்லது. தெரிஞ்சவங்க எல்லாம் ஜம்பு பக்கம்தான் பேசறாங்க.

ஜம்புநாதன். அட்சரம் ஜம்புநாதன். கேள்விப்பட்டதில்லையா? நிஜமாவா? உங்களை எனக்குப் புடிச்சுப்போச்சும்மா. மெட்ராஸ் ஏர்போர்ட்ல அவன் போட்டோ ஆளுயரத்துக்கு வச்சிருக்காங்களாம். நான் பாக்கலை. நான் ஏர்போர்ட்டுக்கு எதுக்குப் போறேன்? 'அட்சரம்'னு ஒரு கம்பெனி. உலகம் பூரா இருக்கற பசங்களுக்குக் கம்ப்யூட்டர்ல மிருதங்கம், கஞ்சிரா, கடம் சொல்லிக்குடுக்கறது. பதினேழு நாடு. நூத்திநாப்பது வாத்தியாருங்க வேலை பாக்கறாங்க. முதலாளி நம்ம ஜம்பு.

அட்சரம்னா என்ன தெரியுமா? தாளத்துல ஒரு எண்ணிக்கை. ஆதி தாளம்னா எட்டு அட்சரம். கையைப் பாருங்க. ஒரு தட்டு, மூணு விரல். நாலாச்சா? தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. எட்டு. முடிஞ்சதும் மறுபடி முதல் தட்டு. ஒரு சுத்துக்கு எட்டு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதுல ஒண்ணை முழுங்கினவன், கம்பெனிக்கு அட்சரம்னு பேர் வச்சிருக்கான். இருபத்தெட்டு வருஷமா எனக்கு இதான் வயித்தெரிச்சல். பொறாமைன்னு சொல்லுவா என் வீட்டுக்காரி. ஆமா, பொறாமைதான். நான் என்ன இல்லைன்னா சொன்னேன்? எனக்கு வரவேண்டியதை இன்னொருத்தன் கொண்டுபோனா பொறாமை வராம பின்ன பூரிப்பா வரும்?

என் பேர் தாயுமானவன். நானும் ஜம்புவும் உறையூர்ல ஒரே தெரு, ஒரே வாத்தியார்கிட்ட மிருதங்கம். எங்கப்பா முனிசிபாலிட்டில கிளார்க். அவங்கப்பா கரூர் ரோட்டுல டயர் ரீட்ரெடிங் பண்ற கடை வச்சிருந்தார். அந்த ரப்பர் வாசனை அவன் சட்டையில எப்பவும் இருக்கும். அவன் கை கட்டைம்மா. விரல் எல்லாம் குட்டையா, தடியா இருக்கும். அடிச்சா சத்தம் வரும், நாதம் வராது. என் கை அப்படியில்ல. வலது பக்கம் ஒரு தட்டு தட்டினா தெருமுனை வரைக்கும் போய்ட்டு வரும். இதை நானாச் சொல்லலை. வாத்தியார் சொன்னார், ரேடியோ ஸ்டேஷன்ல சொன்னாங்க. அவ்வளவு எதுக்கு, ஜம்புவே சொல்லுவான். போன வருஷம் ஒரு பேட்டியில, 'நான் சுமாரா வாசிக்கறவன், எங்க தாயு கையில பத்துல ஒரு பங்கு எனக்கு வராது'ன்னு சொல்லியிருக்கான். நாலு பேர் எனக்கு அதை அனுப்பினாங்க. எப்படி இருக்கு பாருங்க. சுமாரா வாசிக்கறேன்னு சொல்லி அதுலயும் நல்ல பேர் வாங்கறான்.

என்மேல ஒரே ஒரு குறை சொல்லுவாங்க. ஓடறேன்னு. எடுத்த வேகத்துலயே கடைசி வரைக்கும் போகணும், அதுதான் சட்டம். எனக்கு உற்சாகம் வந்தா வேகம் ஏறிருதாம். பாடறவங்க எல்லாம் மேடையில திரும்பித் திரும்பிப் பாப்பாங்க. பரதநாட்டியத்துக்கு வாசிக்கப் போனா அந்தப் புள்ளைங்க 'சார், மூச்சு வாங்குது சார்'ங்கும். உயிருள்ள கைன்னா ஓடத்தாம்மா செய்யும். செத்த கையா ஓடும்?

லால்குடி வந்தாச்சா? சரி, காபி வேணுமா உங்களுக்கு? ஏம்ப்பா, ரெண்டு காபி. இருக்கட்டும்மா, நான் குடுக்கறேன்.

தொண்ணூத்தி ஏழுல நடந்தது. கமலவேணி அம்மான்னு ஒரு பெரிய பாடகி. மெட்ராஸ்ல இருந்தாங்க. அவங்களுக்கு அமெரிக்கால ரெண்டு மாசம் கச்சேரி, இருபத்திரண்டு ஊர். கூட வாசிக்கறவர் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. எங்க வாத்தியாருக்கு அந்தம்மா ரொம்ப நாள் பழக்கம். 'உங்க பசங்கள்ல ஒருத்தனைக் குடுங்கோ'ன்னு கேட்டு திருச்சிக்கே வந்துட்டாங்க. வாத்தியார் என்னையும் ஜம்புவையும் நிறுத்தினார். தில்லைநகர்ல ஒரு ஸ்கூல் ஹாலு. ஞாயித்துக்கிழமை காலையில. நாப்பது பேர் இருப்பாங்க. வாத்தியார் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து வச்சிருந்தார்.

அந்தம்மா ஒரு கீர்த்தனை பாடினாங்க. அப்புறம் சொன்னாங்க, 'ஒருத்தன் தனி வாசிக்கட்டும், இன்னொருத்தன் அவனுக்குத் தாளம் போடட்டும். அப்புறம் மாத்திக்கோங்கோ.' தனின்னா பாட்டு நின்னுரும், மிருதங்கம் மட்டும் பேசும். வாசிக்கறவனுக்கு எதிர்ல ஒருத்தன் தொடையில தட்டித் தாளம் காட்டணும். வழி தெரியாத ரோட்டுல அந்தக் கைதான் நமக்கு மைல்கல்லு. அந்தம்மா கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துட்டாங்க. ஆனா புடவைத் தலைப்புக்குள்ள அவங்க கையும் எண்ணிக்கிட்டேதான் இருக்கும். பெரியவங்க எல்லாம் அப்படித்தான்.

முதல்ல நான். ஜம்பு தாளம் போடறான். பதினோரு நிமிஷம் வாசிச்சேன். சொல்லக்கூடாது, அன்னிக்கு மாதிரி நான் அதுக்கப்புறம் வாசிச்சதில்ல. வாத்தியார் கண்ணு கலங்கிருச்சு. கடைசியில கோர்வைன்னு ஒண்ணு வைப்போம். ஒரே சொல்லை மூணு தடவை வாசிச்சு, மூணாவது முடியறப்ப நேரா முதல் தட்டுல கொண்டுபோய் இறக்கணும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு அட்சரம் சும்மா விடணும், ஒரு மூச்சு விடற மாதிரி. அதான் அழகே.

நான் கோர்வை எடுத்தாச்சு. முதல் தடவை முடிஞ்சது, ரெண்டாவது முடிஞ்சது. கடைசிச் சுத்து. நான் அவன் கையைப் பாக்கறேன். தட்டு, விரல், விரல், விரல், தட்டு, திருப்பு, தட்டு. அதுக்கப்புறம் திருப்பு போடணுமா இல்லையா? போடலை. நேரா அடுத்த சுத்தோட முதல் தட்டுக்குப் போயிட்டான். ஏழுதாம்மா போட்டான். ஒண்ணை முழுங்கிட்டான்.

வேற எவனாவது இருந்தா அங்கயே கவுந்திருப்பான். நான் யாரு? அவன் முழுங்கறதைக் கண்டுட்டு, மூணாவதுக்கு முன்னாடி விடவேண்டிய மூச்சை விடாம, ஒண்ணைக் குறைச்சு, கரெக்டா அவன் தட்டுல கொண்டுபோய் இறக்கிட்டேன். கண்ணிமைக்கற நேரம். ஹாலே கை தட்டுச்சு. ஆனா அந்தம்மா கண்ணைத் தொறந்துட்டாங்க. தலைப்புக்குள்ள அவங்க கையில இன்னும் ஒரு அட்சரம் பாக்கி இருக்கில்ல? அவங்க ஜம்புவைப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் என்னை ஒரு பார்வை.

அடுத்தது ஜம்பு வாசிச்சான். டயரைத் தட்டிப் பாக்கற மாதிரி டொம் டொம்னு வாசிச்சான். தப்பு ஒண்ணும் இல்ல. நான் ஒழுங்காத்தான் தாளம் போட்டேன், முழுங்கறதெல்லாம் எனக்குத் தெரியாது.

முடிஞ்சதும் அந்தம்மா ஜம்புவைக் காட்டி, 'அவன் வரட்டும்'னுட்டாங்க. வாத்தியாருக்கே தாங்கலை. 'தாயு கை நல்லா இருக்குமேம்மா'ன்னார். அதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'கை நன்னாத்தான் இருக்கு. வாசிக்கறவா நிறைய இருக்கா. பக்கத்துல இருக்கறவன் என்ன பண்றான்னு காதுல வாங்கறவன் எனக்கு வேணும்.' இது என்ன பேச்சும்மா? மிருதங்கத்துக்குக் கையா வேணும், காதா வேணும்? ஜம்புவுக்குக் காது ரெண்டும் முறம் மாதிரி இருக்கும், அதைப் பாத்து மயங்கிட்டாங்களோ என்னவோ.

ஸ்கூல் சைக்கிள் ஸ்டாண்டுல வச்சு அவன் சட்டையைப் புடிச்சேன். 'ஏண்டா ஒண்ணை முழுங்கினே?'ன்னேன். 'நீ எதுவும் கவனிக்கலையாடா?'ன்னான். 'அதான் கவனிச்சேனே, நீ முழுங்கினதை'ன்னேன். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'கை தவறிருச்சு தாயு. மன்னிச்சுக்கடா'ன்னான்.

ஒத்துக்கிட்டாம்மா. அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். பிளேன் ஏறினதும் அவன்தான்.

அதுக்கப்புறம் எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். அமெரிக்கால ஒவ்வொரு வீட்டுலயா தங்கறப்ப அங்க இருக்கற பசங்களைப் பாத்திருக்கான். வீட்டுல மிருதங்கம் இருக்கு, சொல்லிக்குடுக்க ஆள் இல்ல. ஒரு நோட்டு நிறைய விலாசம் எழுதிக்கிட்டு வந்தான். டயர் கடை மாடியில உக்காந்து பாடத்தை கேசட்ல பேசிப் பேசி தபால்ல அனுப்பினான். தெருவே சிரிச்சுது. தபால்ல மிருதங்கம் கத்துக்குடுக்கறானாம்னு நானும் சிரிச்சேன், கொஞ்சம் அதிகமாவே சிரிச்சேன். அப்புறம் இன்டர்நெட்டு வந்துச்சு. விடியக்காலம் நாலரைக்கு எழுந்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துருவான். கீழ டயர் கடையில வேலை ஆரம்பிக்கறதுக்குள்ள அஞ்சு பாடம் முடிச்சிருவான். அந்த ஊர்க் குளிருக்குத் தோல் தளர்ந்துபோகுதுன்னு, இங்கிருந்து தோல் கட்டறவர் ஒருத்தரை வருஷத்துக்கு ரெண்டு மாசம் அங்க அனுப்பி வச்சான். எனக்கு இதெல்லாம் தோணியிருக்கும்னு நெனைக்கிறீங்களா? தோணியிருக்கும். நான் போயிருந்தா தோணியிருக்கும்.

இப்ப ஒரு ஆப் விட்டிருக்கான். நீங்க வாசிச்சா அது கேக்கும். வேகம் சரியா இருந்தா பச்சை விளக்கு, ஓடினா சிவப்பு. என்கிட்ட ரிட்டயர்டு தாசில்தார் ஒருத்தர் கத்துக்கறார், நல்லசாமின்னு. ஒரு நாள் அந்த ஆப்பைத் தூக்கிட்டு என் வீட்டுக்கே வந்துட்டார். அவர் வாசிக்கறார், பச்சை. அறுபத்தேழு வயசு, விரல் நடுங்கும், பச்சை. 'நகருங்க, நான் வாசிச்சுக் காட்டறேன்'னு வாசிச்சேன். சிவப்பு. மறுபடி வாசிச்சேன், சிவப்பு. உள்ளேருந்து ஜம்புவோட குரல் வேற, 'ஓடாதீங்க, நிதானமா, ஓடாதீங்க'ன்னு. என் வீட்டுக் கூடத்துல, என் மாணவன் போன்ல இருந்து, அவன் என்னைப் பாத்துச் சொல்றான். மெஷின் கெட்டுப்போச்சுன்னு தாசில்தார்கிட்ட சொன்னேன். அவர் போனை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். என் வீட்டுக்காரி அடுப்படியில நின்னுக்கிட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா.

மூணு தடவை என்னை வேலைக்குக் கூப்பிட்டான், தெரியுமா? 'நீ வந்து தலைமை வாத்தியாரா உக்காரு தாயு. என் பசங்க உன் நாதத்தைக் கேக்கணும்.' மூணு தடவையும் மாட்டேன்னுட்டேன். எனக்கு வரவேண்டிய இலையில அவன் உக்காந்து சாப்பிடுவான், பக்கத்துல எனக்கு ஒரு ஸ்டூலைப் போடுவானாம். வேண்டாம் சாமி.

விருத்தாசலம் தாண்டிட்டோமா? பேச்சுல தெரியவே இல்ல. உங்களுக்குத் தூக்கம் வருதோ? இல்லையே? நல்லது. இனிமேதான் விஷயமே.

எங்க வாத்தியார் போய்ச் சேந்துட்டார். அவர் பொண்ணு வீட்டைக் காலி பண்றப்ப பரண்ல இருந்த கேசட்டை எல்லாம் ஜம்புகிட்டக் குடுத்துட்டா. அவன் ஆபீஸ்ல அதையெல்லாம் சுத்தம் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்காங்க. அதுல அந்த ஞாயித்துக்கிழமை கேசட்டும் இருந்திருக்கு. போன வாரம் எனக்கு அனுப்பினான். கூட ஒரு சேதி. இருங்க, படிக்கிறேன். 'தாயு, கேட்டுட்டு அழுதுட்டேன்டா. என்ன வாசிப்பு. இருபதாம் ஆண்டு விழாவுல தொள்ளாயிரம் பேர் வர்றாங்க, இதை அவங்களுக்குப் போட்டுக் காட்டணும். கடைசி ஒரு நிமிஷத்தை மட்டும் எடுத்துடறேன். சம்மதமா? நீ வந்து வாசிக்கணும். நானே தாளம் போடறேன்.'

பாத்தீங்களா? கடைசி ஒரு நிமிஷத்தை எடுத்துடறானாம். அவன் முழுங்கின நிமிஷம். திருடன் கைரேகையைத் துடைக்கற மாதிரி இருக்கா இல்லையா? விடுவேனா நான்? 'முழுசாப் போடணும், இல்லேன்னா மேடை ஏற மாட்டேன்'னு அனுப்பினேன். 'வேண்டாம் தாயு'ன்னான். 'ஏன், பயமா?'ன்னு கேட்டேன். அப்புறம், 'சரி, உன் இஷ்டம். வந்துரு'ன்னான்.

இன்னிக்குச் சாயந்தரம் ஆறு மணிக்கு மெட்ராஸ்ல விழா. முழுசாப் போடுவாங்க. முடிஞ்சதும் நான் மைக்கைப் புடிப்பேன். 'கடைசிச் சுத்தை எண்ணிப் பாருங்க, உங்க முதலாளி எத்தனை போட்டார்னு சொல்லுங்க'ம்பேன். அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை பேச மாட்டேன். தொள்ளாயிரம் பேரும் எண்ணத் தெரிஞ்சவங்க. அவனே எண்ணச் சொல்லிக்குடுத்தவங்க.

இந்தாங்க. இதைக் காதுல மாட்டிக்கங்க. கடைசி ஒரு நிமிஷம் மட்டும் போடறேன். மிருதங்கத்தை விட்டுருங்க. பின்னாடி தொடையில தட்டற சத்தம் கேக்கும், அதை மட்டும் எண்ணுங்க. மெத்துன்னு ஒரு அடி கேட்டா அது தட்டு. விரலும் திருப்பும் லேசாத்தான் கேக்கும். நாடி பாக்கறவங்களுக்கு அது கேக்காதா என்ன. ம், ஆரம்பிங்க.

என்ன வந்துச்சு? எட்டு, எட்டு, எட்டு, கடைசியில ஏழு. அப்படிப் போடுங்க. சார், எதிர் சீட்டு சார், கேட்டுக்கங்க. சங்கீதமே தெரியாதவங்க, ஐசியூ நர்ஸு, முதல் தடவையிலயே சொல்லிட்டாங்க. ஏழு. நீங்க நல்லா இருக்கணும்மா. என்னவோ நெஞ்சுல இருந்த பாரம் இறங்கின மாதிரி இருக்கு.

இன்னொரு தடவை கேக்கறீங்களா? கேளுங்க, கேளுங்க. தாராளமா.

என்னது? மூச்சா? ஆமா. முதலாவதுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல விட்டேன். ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல விடலை. அதான் சொன்னேனேம்மா, அவன் முழுங்கினதால நான் மூச்சை விடாமப் போய்ச் சரிபண்ணினேன்னு. நல்லாக் கவனிச்சிருக்கீங்க.

எது முதல்லயா?

எது முதல்லன்னா? அவன் முழுங்கினதுதான் முதல்ல. அவன் முழுங்கினான், நான் சரிபண்ணினேன்.

இல்லைங்கறீங்க.

நீங்க சொல்றது எனக்குப் புரியலைம்மா. நான் மூச்சு விடாமப் போனதுக்கு அப்புறமும் அவன் ஒழுங்காத்தான் தட்டறான்ங்கறீங்க. தட்டு, திருப்பு, தட்டு எல்லாம் போட்டுட்டுக் கடைசியிலதான் ஒண்ணை விடறான்ங்கறீங்க. நாலு விநாடி கழிச்சு. வாட்ச்சைப் பாத்தீங்களா? பாத்தே சொல்றீங்களா?

குடுங்க அதை.

இல்ல, நான் கேட்டிருக்கேன். ஒரு வாரமா நூறு தடவை கேட்டிருப்பேன். ஆனா என் வாசிப்பை எதுக்கும்மா கேக்கறேன்? அதுதான் எனக்குத் தெரியுமே. நான் அவன் கையை மட்டும்தான் கேட்டேன். குடுங்க.

…

மேல்மருவத்தூர் போயிருச்சா? எப்பப் போச்சு?

தண்ணி இருந்தா கொஞ்சம் குடுங்கம்மா.

ஓடிட்டேன். ரெண்டாவது முடிஞ்சதும் ஹாலே வாயைப் பொளந்துக்கிட்டு இருக்குது, வாத்தியார் கண்ணு கலங்குது, உற்சாகத்துல மூச்சு விடாம மூணாவதை எடுத்துட்டேன். ஒரு அட்சரம் முன்னாடி போயிட்டேன். அப்படியே போயிருந்தா எட்டாவதுலயே இறங்கி, தட்டு வர்றதுக்கு முன்னாடி அநாதையா நின்னிருப்பேன். அத்தனை பேர் முன்னாடி, அந்தம்மா முன்னாடி. இவன் கேட்டிருக்கான். நான் ஓடினதைக் காதுல வாங்கி, நாலு விநாடியில, நான் எங்க வந்து விழுவேன்னு கணக்குப் போட்டு, கடைசித் திருப்பை முழுங்கிட்டு அங்க தட்டை வச்சிட்டான். நான் தட்டுக்கு வரலைம்மா. தட்டு என்கிட்ட வந்திருக்கு.

அடுத்தது அவன் வாசிக்கணும். அமெரிக்கா அவனுக்கும்தானே வேணும். தாளம் தப்பறவன்னு அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதோட அவன் கதை முடிஞ்சது. தெரிஞ்சேதான் முழுங்கியிருக்கான். அப்புறம் சைக்கிள் ஸ்டாண்டுல, நான் சட்டையைப் புடிச்சப்ப, கை தவறிருச்சுன்னுட்டான். பாவி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இருபத்தெட்டு வருஷத்துல ஒரு நாள், 'டேய், தப்பு உன்னோடதுடா'ன்னு சொல்லியிருந்தா நாலு அறை அறைஞ்சிட்டு நானும் நிம்மதியா இருந்திருப்பேன்ல? எனக்குன்னு இருந்தது இந்த ஒரு நியாயம்தாம்மா. அதையும் அவன் குடுத்து வச்சதுங்கறப்ப நான் எங்க போய் நிக்கறது?

அவன் இடத்துல நான் இருந்திருந்தா முழுங்கியிருப்பேனான்னு கேக்காதீங்க. கேக்க மாட்டீங்க, தெரியுது. நல்ல மனசு உங்களுக்கு.

இன்னும் ஒண்ணு இருக்கே. ஆறு மணிக்குத் தொள்ளாயிரம் பேர். முழுசாப் போடச் சொன்னது நான். 'முழுசாப் போடலைன்னா ஏற மாட்டேன்'னு எழுதிக் குடுத்தது நான். எல்லாரும் எண்ணத் தெரிஞ்சவங்க. உங்களுக்கு ரெண்டு தடவை கேட்டாப் புரிஞ்சது, அவங்களுக்கு ஒரு தடவையே போதும். அதைக் கேட்டுட்டு மேடையில என்னைப் பாப்பாங்க. அப்புறம் நான் மைக்கைப் புடிச்சு எண்ணுங்கன்னு வேற சொல்லணுமாம். கடவுளே.

செங்கல்பட்டுல இறங்கித் திரும்பிப் போயிரலாமா? நிக்கும்ல இது?

என்ன சொல்றீங்க? அவன்கிட்டயே சொல்லவா? என்னன்னு சொல்றது? கடைசி நிமிஷத்தை எடுத்துருன்னு நானே கேக்கறதா? இன்னொரு தடவை எனக்காக முழுங்குடான்னு? என் வாயால அதைக் கேக்கறதுக்கு இந்த ரயில்லயிருந்து குதிச்சிரலாம்.

…

சரி. என்ன எழுத? மடியில மிருதங்கத்தை வச்சுக்கிட்டு எனக்கு அடிக்க வராது. நீங்களே அடிங்கம்மா. 'ஜம்பு, கடைசி நிமிஷத்தை வெட்டிரு.' அவ்வளவு போதும். தயவுசெஞ்சுன்னு போடவா? வேண்டாம். அப்படியே அனுப்பிருங்க.

போயிருச்சா? ரெண்டு டிக்கு விழுந்துச்சா? இன்னும் இல்லையா. விழா வேலையா அலைஞ்சுக்கிட்டு இருப்பான், இப்ப எங்க பாக்கப்போறான். எதுக்கு அனுப்பினேன்னு இருக்கு. மிருதங்கம் உங்களுக்கு இடிக்குதாம்மா? இல்லையா. சரி.

வந்துருச்சா? படிங்க. சும்மா சத்தமாவே படிங்க, எதிர் சீட்டு சாருக்குத்தான் எல்லாம் தெரியுமே.

'அன்னிக்கே வெட்டிட்டேன்டா. சாப்டியா?'

அன்னிக்கேன்னா? 'சரி, உன் இஷ்டம்'னு சொன்ன அன்னிக்கேவா? அப்ப முழுசாப் போடறேன்னு என்னை ஏமாத்தித்தான் வரச் சொல்லியிருக்கான். நான் கேக்கறதுக்கு முன்னாடியே, நான் கேப்பேன்னு தெரிஞ்சு, வெட்டி வச்சிட்டு உக்காந்திருக்கான்.

தாம்பரம் வரப்போகுது, எழுந்திருங்க. பையை மறந்துராதீங்க. பாருங்கம்மா, ஊரே என்னைத்தான் ஓடறான் ஓடறான்னு சொல்லுது. ஆனா ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னாடி போய் நிக்கறது அவன்தான்.